சொல் விளக்கம்: செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற வீடுகளில் இந்த மருந்து வகையின் பெயர் இப்போது காதில் விழுகிறது. சொல்லுக்குச் சொல் 'சோதனைச்சாவடித் தடுப்பான்' என்று பெயர்த்தால் சாலை மறியல் செய்தி மாதிரி இருக்கிறது.

1989-இல் ஹார்ட்வெல், வைனர்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செல் பிரிவு பற்றி எழுதியபோது 'செக்பாயிண்ட்' என்றார்கள். அங்கே பொருத்தம்தான்: டிஎன்ஏ பழுதானால் செல் நின்று, சரிபார்த்த பிறகே பிரிகிறது. நோயெதிர்ப்புத் துறை பிற்பாடு எடுத்துக்கொண்ட அதே சொல் குறிப்பதோ, நோயை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லின் மேலிருக்கும் சிடிஎல்ஏ-4, பிடி-1 போன்ற ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வரும் சைகையை வாங்கும் புரதங்களை. இவை எதையும் சரிபார்ப்பதில்லை; செல்லின் வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான்.

வாய்க்கால் ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்க ஆளில்லாவிட்டால் பயிர் மூழ்கும். சிடிஎல்ஏ-4 இல்லாத எலிகள் பிறந்து 3, 4 வாரத்தில் செத்துப்போகின்றன. சொந்த உறுப்புகளையே டி செல்கள் தாக்கிவிடுகின்றன. புற்றுநோய் செய்வது ராத்திரியில் யாரோ ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிற வேலை. கட்டியின் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டுகின்றன. அது பிடி-1-இல் பொருந்தியதும், பக்கத்திலேயே வந்து நிற்கிற டி செல்லும் அடங்கிவிடுகிறது.

ஷட்டரை இறக்கவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் மருந்து. சிடிஎல்ஏ-4-ஐ மறித்தால் எலிகளில் கட்டி கரைவதை ஜேம்ஸ் ஆலிசன் குழு 1996-இல் காட்டியது. பிடி-1-ஐ 1992-இல் கண்டறிந்தது தசுகு ஹோன்ஜோவின் குழு. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு.

சரி, தமிழில்? 'இன்ஹிபிட்' என்பதன் லத்தீன் வேருக்குப் பிடித்து நிறுத்துதல் என்று பொருள். சிடிஎல்ஏ-4, பிடி-1 மாதிரியானவற்றை 'தடுப்பு ஏற்பி' என்று எழுதுகிறார்கள். தடுப்பூசி பழகிய காதுக்கு அது நோயைத் தடுப்பதாகக் கேட்கும். எனக்கு 'அடக்கும் ஏற்பி' பிடித்திருக்கிறது. மருந்துக்கு 'தடைநீக்கி' போதும். 'தடுப்பானைத் தடுப்பான்' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம்.

தடைநீக்கி எல்லாருக்கும் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் குடல், தைராய்டு, தோல் என்று எங்காவது டி செல் பாயலாம்; மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட வரும். அதனால் வயிற்றுப்போக்கு கண்டால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், இந்த மருந்து ஏற்றியதைச் சொல்லி டாக்டரிடம் காட்ட வேண்டும்.