மடிந்த தகடு ஏன் மடிந்த இடத்தில் நிமிர்வதில்லை?

திருமங்கலத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: கப்பலூர் அருகே முன்னால் சென்ற லாரியில் மோதி அவருடைய பழைய மாருதி 800இன் முகப்பு நசுங்கிவிட்டது, இழுத்து நிமிர்த்தினால் போதும் என்கிறார் டிங்கர், ராசியில்லாத வண்டி, விற்றுவிடு என்கிறார்கள் உறவினர்கள். நிமிர்த்திய இரும்பு பழைய இரும்பாகுமா என்பது அவருடைய கேள்வி.

ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால் 40,000 ஜூல் ஆற்றல் செலவாக வேண்டும். அதன் பெரும்பகுதியைத் தகடு மடிந்து வாங்கிக்கொள்கிறது.

உருக்கின் படிக அடுக்கில் பாதியில் முடிந்துபோன அணு வரிசைகள் உண்டு. ‘இடப்பிறழ்வு’ எனப்படும் இக்குறைகள் நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது என்று 1934இல் டெய்லர், ஓரோவான், போலன்யி ஆகிய மூன்று அறிவியலாளர்களும் தனித்தனியே விளக்கினர். வளைக்க வளைக்கப் புதிய இடப்பிறழ்வுகள் பிறந்து, ஒன்றின் வழியை ஒன்று மறித்து, தேரோட்டத்தன்று மாசி வீதியில் நெருக்குண்ட கூட்டம்போல அசைய இடமின்றி நின்றுவிடுவதால், மடிந்த இடம் முன்னைவிட இறுகிவிடுகிறது. கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள்: மடிந்த இடத்தில் சிறு கூன் அப்படியே நிற்க, அதன் இருபுறமும் உள்ள இளகிய பகுதியே வளைந்து கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அணு வரிசைகளின் நெரிசலை விரல்நுனியில் உணர்த்தும் இச்சோதனை எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை.

பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார் நடுநடுவே தகட்டை நெருப்பில் காய்ச்சுவது இந்த நெரிசலைக் கலைக்கத்தான். ஆனால் காரின் சட்டத்தில் கேஸ் தீயை வைத்தால் சூடு எதுவரை பரவியது என்பது தெரியாது. வலிமை இடத்துக்கு இடம் மாறுபடும், துருவைத் தடுக்கும் பூச்சும் எரிந்துபோகும். உயர்வலிமை உருக்கால் ஆன பிற்காலக் கார்களில் சேதம் இன்னும் அதிகம்.

ஆகவே பானட், பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட் போன்று போல்ட்டில் கழல்பவற்றைக் காயலான் கடையில் வாங்கி மிச்சப்படுத்துங்கள். அந்தப் பணம் என்ஜினின் இருபுறமும் நீளும் சட்டங்களுக்குப் போகட்டும்: மென்மையாக வளைந்திருந்தால் சூடாக்காமல் இழுத்து நிமிர்த்தலாம், கூர்மையாக மடிந்திருந்தால் வெட்டி, வேறு சட்டத்தை வெல்டிங் செய்வதே முறை. பட்டி பூசி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அடுத்த மோதலைத் தாங்க வேண்டியது அச்சட்டமே.

ராசி என்ற பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. பழுது பார்த்த வண்டி ஒருபுறமாக இழுப்பதற்கும் டயர் ஒருபக்கமாகத் தேய்வதற்கும் காரணம் கோணிய சட்டமா என்று அளவு டேப் வைத்தே தேடலாம். அச்சட்டங்களில் இடப்பக்க முன் போல்ட்டிலிருந்து வலப்பக்கப் பின் போல்ட்டுக்கும், வலப்பக்க முன் போல்ட்டிலிருந்து இடப்பக்கப் பின் போல்ட்டுக்கும் உள்ள குறுக்களவுகளை, அடிபடாத இன்னொரு மாருதி 800இன் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஒத்துவந்த பிறகே பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.