கல்ட் படம்: தமிழில் பேணுபடம்

சிங்கப்பூர்த் தேக்காவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு பையன் சொன்னான்: "செம கல்ட் படம்லா!" படம் வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. விறுவிறுப்பான படம், வித்தியாசமான படம் எல்லாமே இப்போது நம் வாயில் 'கல்ட்' ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை இயக்குநரோ தயாரிப்பாளரோ சூட்ட முடியாது. ரசிகர்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனத்தை மனப்பாடம் செய்து, அடுத்தவரையும் இழுத்து வந்து உட்காரவைத்துக் கொடுக்கும் பெயர் அது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கம் 'எல் டோப்போ' படத்தை நள்ளிரவில் ஓட்டியது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தே அது மாதக்கணக்கில் ஓடியது. நம் பக்கம் 'ஆரண்ய காண்டம்' (2011). வசூலில் தோற்ற படம். அதை இன்றுவரை தூக்கிப்பிடித்திருப்பது ரசிகர்கள்தான்.

சொல்லின் வேர் லத்தீன். 'கொலேரே' என்றால் நிலத்தை உழுது பராமரிப்பது, வழிபடுவதும் அதுவே. அதிலிருந்து 'குல்துஸ்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கல்ட்'. அக்ரிகல்ச்சரும் கல்ச்சரும் இதற்கு உடன்பிறப்புகள்.

அகராதியைப் பார்த்து 'வழிபாட்டுப் படம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். "எந்தச் சாமி படம்யா?" என்றார். அவர் கேட்டது நியாயம். தமிழ்க் காதுக்கு அது பக்திப் படம்தான்.

லத்தீன் வேரின் இரண்டு பொருளையும் சேர்த்துச் சுமக்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: பேணு. குழந்தையைப் பேணுகிறோம், உடம்பைப் பேணுகிறோம். பழந்தமிழில் தெய்வத்தையும் பேணினார்கள். புறநானூற்றின் 106ஆம் பாட்டில் கபிலர் எருக்கம்பூவைச் சொல்கிறார். நல்லது என்றோ தீயது என்றோ எண்ணப்படாத பூ. அதைக் கொண்டுவந்து வைத்தாலும் 'கடவுள் பேணேம் என்னா', வேண்டாம் என்று தெய்வங்கள் சொல்லமாட்டா. ஊர் ஒதுக்கிய படத்தை நாலு பேர் நெஞ்சோடு அணைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே 'பேணுபடம்' என்கிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. பேணிய படம், பேணுகிற படம், பேணும் படம் என மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கிறது. காலம் கடந்து நிற்பதுதானே இந்த வகைப் படத்தின் குணம்! தொலைக்காட்சிக்குப் 'பேணுதொடர்' என்றும் தடையில்லாமல் வருகிறது.

சிங்கப்பூரிலேயே உரசிப் பார்க்கலாம். 1973இல் இங்கு எடுத்த கராத்தே படம் 'ரிங் ஆஃப் ஃபியூரி'. நாயகன் மீ (நூடுல்ஸ்) விற்பவன். பிறகு இரும்பு முகமூடி போட்ட கும்பல் தலைவனின் அடியாட்களை வெளுக்கிறான். குண்டர் கும்பலைக் காட்டியதற்காகத் தணிக்கையில் தடை விழுந்தது, அப்போது திரைக்கே வரவில்லை. பிறகு ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் என்ற திரைப்படக் காப்பகம் அதை மீட்டுப் புதுப்பித்தது. பேணுதல் என்ற சொல்லின் நேரடிப் பொருளே அந்த வேலைதான்.

மறுபக்கம், இந்தியாவிலிருந்து இங்கு வந்த பி.என். ராவ் கேத்தே-கெரிஸ் படநிறுவனத்துக்காக இயக்கிய மலாய்ப் பேய்ப்படம் 'பொந்தியானாக்' (1957). கூட்டம் அலைமோதியது, அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. இன்று அந்த முதல் படத்தின் ஒரு பிரதியும் கைக்கு எட்டவில்லை.