டிரையர் சுற்றவில்லையா? மோட்டாரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் டிரையர் ஓயாமல் ஓடுவதும், திடீரென்று நின்றுபோவதும் அப்போதுதான். நின்றவுடன் "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சர்வீஸுக்கு வருகிறவற்றில் மோட்டார் நிஜமாகவே எரிந்திருப்பது குறைவு. கெப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் மின்தேக்கி), பிரேக் வயர், மூடி சுவிட்ச் என்று சில்லறைச் சாமான்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

மூடியை மூடி, டைமரைத் திருப்பி, சத்தத்தைக் கவனியுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை, ஆனால் வாஷ் பக்கம் ஓடுகிறது என்றால் மின்சாரம் மெஷின் வரை வருகிறது. மூடியை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறதா? ஓடினால் மூடிக்குக் கீழே உள்ள சுவிட்ச் சரியாகத் தொடவில்லை. தகடு வளைந்திருக்கும் அல்லது முனை கருகியிருக்கும். அதுவும் இல்லையென்றால் டைமர், இல்லாவிட்டால் எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுக்குள் வரும். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் டிரையர் மோட்டாரின் வயரைக் கடித்துவிடும். அடியில் எலித் தட்டோ கம்பி வலையோ போட்டு வையுங்கள்.

"ம்ம்ம்" என்று முனகல் வருகிறது, டப் சுற்றவில்லை. இதுதான் அதிகம் வரும் புகார். முனகல் கேட்டதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சூடேறி, நல்ல மோட்டாரும் கெட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் மற்றது.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். மூடியைத் திறந்து டப்பைக் கையால் சுற்றிப் பார்த்து, டைட்டாக இருக்கிறது, ஜாம் என்பார்கள். மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்திருக்கும், டைட்டாகத்தான் இருக்கும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, பிரேக் லிவரைக் கையால் விலக்கிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் டப்பில் குறையில்லை. அப்படியானால் மூடியை மூடும்போது பிரேக் வயர் லிவரை முழுசாக இழுக்கிறதா என்று பாருங்கள். வயர் நீண்டுபோயிருந்தால் பிரேக் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். டப் மெதுவாகச் சுற்றும், கருகல் வாடை வரும். பல மாடல்களில் வயர் மாட்டும் தகட்டில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. ஒரு ஓட்டை தள்ளி மாட்டினாலே சரியாகிவிடும், செலவே இல்லை.

லிவரை விலக்கியும் டப் சுற்றவில்லையா? டப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே கைக்குட்டையோ சாக்ஸோ விழுந்து தண்டில் சுற்றியிருக்கும். துணிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் தட்டைப் போடாமல் ஓட்டினால் இதுதான் நடக்கும்.

டப் லேசாகச் சுற்றியும் மோட்டார் முனகினால் கெப்பாசிட்டர். டிரையருக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் இருக்கும். சில மெஷினில் வாஷுக்கும் டிரையருக்கும் ஒரே டப்பாவில் 10+5 என்று வரும். கழற்றும் முன் வயர் நிறங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு பல்பு மாட்டிய ஒரு ஹோல்டரின் இரு வயரையும் முனைகளில் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மீட்டரில் அளந்து பாருங்கள். 5 என்று எழுதியது 4க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பெரிய அளவு போட்டால் நன்றாக இழுக்கும் என்று கடையில் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஸ்டார்ட்டிங் வைண்டிங் சூடேறும்.

வோல்டேஜையும் மறக்காதீர்கள். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் 180 வரை இறங்கிவிடும். மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 230க்குப் பதில் 180 வந்தால் விசை 60 சதவீதம்தான். ஈரப் போர்வையோடு அது கிளம்பாது. காலையில் ஓடி மாலையில் முனகுகிற மெஷினைப் பிரிக்க வேண்டியதே இல்லை.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, டப் மட்டும் நிற்கிறது என்றால் மோட்டாரையும் டப்பின் தண்டையும் இணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்கும். டப் சுற்ற ஆரம்பித்து வேகமே எடுக்காவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். வடிகுழாயைத் தரையில் கிடத்தாமல் உயரமான திண்டில் போட்டிருப்பார்கள், அல்லது டிரையர் ஓடும்போதே வாஷ் டப் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் மோட்டார். அதன் மூன்று வயர்களை இரண்டிரண்டாக ஓம்ஸில் அளந்தால், இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதில் வர வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் காட்டி மற்ற இரண்டிலும் ஒன்றும் காட்டாவிட்டால், சூடு மிஞ்சும்போது இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் கட்ஆஃப் விட்டிருக்கலாம். நன்றாக ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வைண்டிங் போயிருந்தால், டப்புக்கு அடியிலுள்ள ரப்பர் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மோட்டார் அதற்கு நேர் கீழே இருக்கிறது. சீல் கிழிந்து சொட்டிய சோப்புத் தண்ணீர்தான் பழையதைக் கெடுத்திருக்கும். வெள்ளத் தண்ணீர் புகுந்த மெஷினை நன்றாகக் காயவைத்து, மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) குறைந்தது 1 மெகா ஓம் காட்டும்வரை பிளக்கில் சொருகக் கூடாது.