இன்சுலேசன்: தீவாக்கிறதா, காவல் காக்கிறதா?

போன கிழமை பக்கத்து வீட்டில தகரக் கூரைக்குக் கீழ வெள்ளி ஃபொயில் அடிச்சுக்கொண்டிருந்தினம், அம்மம்மா எட்டிப் பாத்திட்டு "உதென்ன தம்பி, சொக்லேற் பேப்பரோ" எண்டு கேட்டா, மேசன் "இன்சுலேசன் அம்மா" எண்டார், அவவுக்கு அதுவும் விளங்கேல்ல. சரி, சொல்லைப் பிரிச்சுப் பாப்பம்.

லத்தீனில இன்சுலா எண்டா தீவு. இன்சுலேட் பண்ணுறது எண்டா முதலில ஒண்டைத் தீவாக்கிறதுதான், சுத்திவர ஒண்டும் தொடாமல் தனிச்சு விடுறது, பிறகுதான் கரண்டுக்கும் சூட்டுக்கும் அந்தச் சொல்லைப் பிடிச்சினம். இதில எங்களுக்கு ஒரு பகிடி இருக்கு. குடாநாட்டை இங்கிலீசில பெனின்சுலா எண்டுறதும் அதே குடும்பம்தான், பேனே இன்சுலா, கிட்டத்தட்டத் தீவு. கணையத்துக்குள்ள தீவு தீவாக் கிடக்கிற கலங்களில சுரக்கிறதாலதான் இன்சுலினுக்கும் அந்தப் பேர். ஜெர்மனியில கட்டிட வேலைக்குப் போற எங்கட சனம் இசோலியருங் எண்டு சொல்லுறதும் உதே தீவுதான், என்ன, இத்தாலிப் பக்கத்தால சுத்தி வந்தது.

தமிழில நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சது, கரண்டையும் சூட்டையும் நல்லாப் போகவிடுறது கடத்தி, லேசில போகவிடாதது காவலி. கா எண்டா காக்கிறது, காவலும் காப்பும் அதிலதான் பிறந்தது, கையில போடுற காப்பும் சேத்துத்தான். இங்கிலீசுக்காரர் தீவாக்கப் பாக்கினம், நாங்கள் காவலுக்கு ஆள் வைக்கிறம். தமிழ்நாட்டில வெப்பக் காப்பு எண்டுவினம், அதுவும் நல்ல சொல்லு. நான் எழுதேக்க பொருளுக்கு வெப்பக் காவலி, வேலைக்கு வெப்பக் காப்பு. ஆனா சிலர் வெப்பத் தடுப்பு எண்டு எழுதுறது எனக்குப் பிடிக்கேல்ல, ஏனெண்டா உது ஒண்டையும் அடியோட தடுக்கிறேல்ல, சூடு போற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இரவு பிளாஸ்கில ஊத்தி வைச்ச தேத்தண்ணி எப்பிடியும் விடிய கொஞ்சம் ஆறித்தானே கிடக்கும்.

உண்மையான காவல்காரன் ஆர் தெரியுமோ, அசையாத காத்து. கனடாவில சுவருக்குள்ள அடைக்கிற ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சை எடுங்கோ, கண்ணாடியை விடக் காத்து ஏறக்குறைய 40 மடங்கு குறைவாத்தான் சூட்டைக் கடத்தும், அப்ப பஞ்சின்ர வேலை அந்தக் காத்தை அசையவிடாமல் பிடிச்சு வைக்கிறதுதான். எங்கட கிடுகும் அதுதான் செய்யுது, ஒண்டுக்கு மேல ஒண்டா நெருக்கி மேஞ்ச ஓலைக்கு இடையில காத்து அம்பிட்டுக் கிடக்கும். அங்க குளிருக்கு, இஞ்ச வெயிலுக்கு.

ஃபொயிலின்ர கதை வேற. அது தகரத்தில இருந்து கதிரா இறங்கிற சூட்டைத் திருப்பி அனுப்பும், நல்ல பளபளப்பா இருந்தா 95 வீதம் வரைக்கும், ஆனா அதுக்குப் பக்கத்தில காத்து இடைவெளி வேணும். இடைவெளி இல்லாட்டி அது வெறும் அலுமினியம், சூட்டை நல்லாவே கடத்தும். பக்கத்து வீட்டில தகரத்துக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில ஒரு விரல்கூட நுழையாமல் இறுக்கி அடிச்சுப்போட்டினம். நான் சொன்னனான், "பிறகு பாப்பம்" எண்டார் வீட்டுக்காரர். இப்ப மத்தியானத்தில எங்கட கிடுகுக் கொட்டிலுக்குள்ள வந்துதான் பாய் விரிக்கிறார், அம்மம்மா தேத்தண்ணி குடுக்கிறா.