சாவி எத்தனை, யார் கையில்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். போர்டில் 'ஆடிட்' என்று இருப்பதால் ஜூலை மாதம் வந்தால் வருமான வரிக் காகிதங்களோடு யாராவது படியேறி வந்துவிடுவார்கள். நான் செய்வது வேறு ஆடிட். கிரிப்டோ திட்டங்களில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று ஒன்று இருக்கும், எழுதி வைத்த விதிப்படி பணத்தைத் தானே கைமாற்றும் கணினி நிரல். அதன் கோடைப் (நிரல் வரிகளை) படித்து, எங்கே பணம் ஒழுகும் என்று எழுதிக் கொடுப்பது.

கொஞ்ச நாளைக்கு முன் கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பவர், அறுபதை நெருங்கிய வயது. (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்கா மகன் ஒரு கிரிப்டோ திட்டத்தில் பணம் போடச் சொல்லும் டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறான். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த பதினாறு பக்கங்கள். 'தர்க்க அடிப்படையிலான ஏஐ', 'தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தம்', 'எங்களாலேயே மாற்ற முடியாது' என்றெல்லாம் போட்டிருந்தது.

"தம்பி, அவங்களாலேயே மாத்த முடியாதாம். அப்ப ஏமாத்தவும் முடியாதுல்ல?"

நல்ல கேள்வி. சிரித்து அனுப்பிவிடக் கூடாத கேள்வி. ஏனென்றால் அந்தத் தாளில் இருந்த வார்த்தைகள் எல்லாமே டூப் இல்லை. அவற்றுக்குப் பின்னால் உண்மையான கணினி அறிவியல் இருக்கிறது.

அவர் இருபது வருடமாக ஏலச்சீட்டு கட்டுகிறவர். அதனால் சீட்டிலிருந்தே தொடங்கினேன். "அண்ணே, சீட்டு நடத்துறவர் இஷ்டத்துக்கு கமிஷன் எடுக்க முடியுமா?" முடியாது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலில் 5 சதவீதம், 2019 திருத்தத்தில் 7 ஆனது. நடத்துபவர் பிணையும் கட்டி வைக்க வேண்டும். இங்கே கட்டுப்பாடு வெளியிலிருந்து வருகிறது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் அந்தக் கட்டுப்பாட்டைக் கோடுக்கு உள்ளேயே வைக்கப் பார்க்கிறது. 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் கட்டளை வந்தால் அது ஓடவே ஓடாது.

சரி, இதில் தர்க்க ஏஐ எங்கே வருகிறது? இன்று எல்லோரும் ஏஐ என்று சொல்வது சாட்ஜிபிடி மாதிரி, படித்ததை வைத்து ஊகித்துப் பேசுவதை. தர்க்க ஏஐ அதைவிட வயதானது. 1972 வாக்கில் பிரான்சின் மார்சேயில் ப்ரோலாக் என்ற நிரல் மொழி பிறந்தது. 1980-களில் லண்டனில் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தையே விதி விதியாக அப்படி எழுதிப் பார்த்தார்கள். இந்த வகை ஊகிக்காது. விதிகளைக் கொடுத்தால் அவற்றிலிருந்து என்ன வரும், என்ன வரவே வராது என்று நிரூபிக்கும். 'ஒருமுறை சீட்டு எடுத்தவர் மறுபடி ஏலம் கேட்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தால், அந்த விதியை உடைக்கும் வழி கோடில் எங்காவது உண்டா என்று தேடும். இருந்தால், இன்னார் முதலில் இதைச் செய்து, பிறகு அதைச் செய்தால் உடையும் என்று வழியையே காட்டிக் கொடுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான இசட்3 என்ற கருவி இந்த வகைதான். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும் சாலிடிட்டி மொழியின் கம்பைலரிலும் இப்படி ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. நான் தினமும் பிழைப்பது இவற்றால்தான்.

2016 ஜூன் மாதம் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 'தி டாவோ' என்ற பொது நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) வெளியே போனது. கோடில் இருந்த தவறு சின்னது. பணத்தை முதலில் கொடுத்துவிட்டு நோட்டில் பிறகு கழித்தது. நீங்கள் நோட்டைத் திறப்பதற்குள் வாங்கியவர் மறுபடி கை நீட்டினால், நோட்டில் பழைய பாக்கி அப்படியே இருக்கும், மறுபடியும் கொடுப்பீர்கள். 'கொடுத்த தொகை அவரவர் பாக்கியைத் தாண்டக் கூடாது' என்ற ஒரு விதியை அன்றைக்கு இயந்திரத்தால் சரிபார்த்திருந்தால் மாட்டியிருக்கும்.

இதை அப்படியே அக்கா மகனிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறாரே என்று அடுத்ததையும் சொன்னேன். நிரூபணம் நாம் எழுதிய விதிக்கு மட்டும்தான். எழுதாமல் விட்டதற்குக் கிடையாது. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அவசரமாகத் திட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் ஒரு நாள் காத்திருப்பும் வேண்டும் என்று விதி. திருட வந்தவர் தீர்மானத்தைப் போட்டுவிட்டுப் பொறுமையாக ஒரு நாள் காத்திருந்தார். பிறகு சுமார் 100 கோடி டாலரை ஃபிளாஷ் லோனாக (அதே பரிவர்த்தனைக்குள் திருப்பிக் கட்ட வேண்டிய, அடமானம் இல்லாத கடன்) வாங்கி, அதைக் கொண்டு வாக்குகளைச் சேர்த்து, தீர்மானத்தை நிறைவேற்றி, நிதியைத் துடைத்து, கடனையும் அடைத்தார். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். திட்டத்துக்குச் சுமார் 18 கோடி டாலர் நஷ்டம். எழுதிய விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. 'வாக்களிப்பவர் நேற்றும் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்' என்பதைத்தான் யாரும் எழுதவில்லை.

இன்னொரு தடை இன்னும் பழையது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நின்று முடியுமா என்று சொல்லும் பொது வழி இருக்க முடியாது என்று கணித மேதை டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார். அதனால் சிலர் மொழியின் வீச்சையே சுருக்கிவிடுகிறார்கள். பிட்காயினின் ஸ்கிரிப்ட் மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) கிடையாது. கார்டானோ என்ற பிளாக்செயினின் மார்லோ மொழியில் எழுதிய ஒப்பந்தம் எப்படியும் ஒரு கட்டத்தில் முடிந்தே தீரும். குறைவாகச் செய்யும், ஆனால் என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்லலாம். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது என்றால் எனக்கு இதுதான் நேர்மையான பொருள். விதிகளை மாற்றும் விதியையும் தர்க்கத்தாலேயே காவல் காக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அழகான யோசனைதான். ஆனால் ஒரு மொழி தன்னுடைய உண்மையைப் பற்றித் தானே பேச ஆரம்பித்தால் 'நான் சொல்வது பொய்' என்ற முடிச்சில் போய் மாட்டும். தர்க்கவியலாளர் டார்ஸ்கி 1930-களில் காட்டியது இது. ஆகவே அங்கே கத்திமேல் நடக்க வேண்டும்.

அண்ணன் கொட்டாவி விட்டார். நியாயம்தான். டீ சொல்லிவிட்டு அவருடைய திட்டத்தின் முகவரியை எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயினில் இருப்பதைத் தேடிப் பார்க்கும் தளம்) போட்டேன்.

அது ப்ராக்ஸி. அதாவது நாம் பணம் அனுப்பும் முகவரி வெறும் வாசல். வேலை செய்யும் கோடு வேறு முகவரியில் இருக்கிறது. நேரு வீதியில் கடை போர்டு அப்படியே இருக்க, உள்ளே முதலாளியும் சரக்கும் மாறிவிடுவது போல, வாசலை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கோடை மாற்றலாம். ப்ராக்ஸி என்றாலே மோசடி இல்லை, பிழை திருத்த நல்ல திட்டங்களும் வைத்துக்கொள்கின்றன. கேட்க வேண்டியது, மாற்றும் சாவி யாரிடம் இருக்கிறது, மாற்றுவதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு என்பது. இங்கே ஒரே ஒரு சாவி, ஒரு தனி வாலட்டில் (கிரிப்டோ கணக்கில்). காத்திருப்பு நேரம் பூஜ்யம். உள்ளே இருந்த கோடில் உரிமையாளர் இஷ்டத்துக்குப் புது டோக்கன் (திட்டம் விற்கும் நாணயம்) அடிக்கலாம், யாரையும் விற்க விடாமல் தடுக்கலாம். 2021-இல் ஒரு கொரியத் தொடரின் பெயரைச் சொல்லி வந்த டோக்கனிலும் இதுதான் சங்கதி. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை, நடத்தியவர்கள் பணத்தோடு போனார்கள்.

"எங்களாலேயே மாற்ற முடியாது என்று போட்டிருக்கானே?"

"அது தாள்ல இருக்குண்ணே. கோடுல இல்ல."

இன்னொன்றும் காட்டினார். 'டிடிஎஸ் பிடிக்கப்படும்' என்று ஒரு வரி. அரசாங்க அங்கீகாரம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரலில் வந்தது, 1 சதவீத டிடிஎஸ் அதே ஆண்டு ஜூலையில். வரி வாங்குவது திட்டத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஆகாது. போதாக்குறைக்கு ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணத்தை வழியில் நிறுத்த முதல் சில மணி நேரத்தில்தான் ஓரளவு வாய்ப்பு.

அவர் அன்று பணம் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் வேறொரு முகவரி வந்தது. "இதுல மூணு சாவியாம், ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாதான் மாறுமாம். பார்த்துச் சொல்லு தம்பி." பார்த்தேன். மூன்று வாலட்டும் ஒரே நாளில், சில நிமிட இடைவெளியில், ஒரே வாலட்டிலிருந்து முதல் காசைப் பெற்றிருந்தன. அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம். "அப்ப ஒரே ஆளு மூணு கையெழுத்துப் போட்டிருக்கான். மருமவன்கிட்ட நானே பேசிக்கிறேன்."