பொறியாளர் அணி மாறினால் கார் எப்போது மாறும்?

ஃபார்முலா 1 பருவம் பாதியைத் தாண்டியதும், ஓட்டுநர்களின் பெயர்களைவிட அதிகமாக அடிபடுவது தலைமைப் பொறியாளர்களின் பெயர்கள்தாம். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குவதால், தடத்தின் தொடக்க விளக்குகள் அணைந்து கார்கள் கிளம்பும்வரை கோலாலம்பூர் மாமாக் கடைகளில் இந்தப் பேச்சுதான் ஓடுகிறது: இன்னார் அந்த அணியிலிருந்து விலகுகிறாராம், இந்த அணி அவருக்கு வலை வீசுகிறதாம். அவர் போவாரா மாட்டாரா என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள்தாம் அறிவார்கள். ஆனால் அப்படிப் போனால் அவரோடு சேர்ந்து என்ன போகும், அது எத்தனை மாதம் கழித்துப் பந்தயத் தடத்தில் தெரியும் என்ற கேள்விகளுக்கு இயற்பியலும் விதிப்புத்தகமும் ஓரளவு தெளிவாகவே விடை சொல்கின்றன.

முதலில் காரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். 2022-இல் நடப்புக்கு வந்த விதிகள், காரின் தரைப்பகுதியில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு சுரங்கப் பாதைகளை அனுமதித்தன. சாலைக்கும் காரின் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் நுழையும் காற்று வேகமெடுக்கும்போது அதன் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால் கார் சாலையை நோக்கி இழுக்கப்படுகிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு பெரிய லாரியை ஒட்டிக் கடந்தவர்களுக்கு, வண்டி லாரியின் பக்கம் இழுபடும் அந்த ஒரு கணம் பழக்கமானதாகவே இருக்கும். இந்தக் கீழிழுப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காற்றின் அடர்த்தியும் கணக்கில் சேரும். பொறியாளர்கள் அடிப்படை அளவாகக் கொள்ளும் 15 பாகை உலர்காற்றோடு ஒப்பிட்டால், நம் சிப்பாங் பந்தயத் தடத்தின் 33 பாகை வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே இறக்கை, அதே வேகத்தில், இங்கே அந்த அளவுக்குக் குறைவாகவே காரை அழுத்தும்.

தரை சாலையை நெருங்க நெருங்க இழுப்பு கூடுகிறது; ஓர் எல்லைக்கு மேல் நெருங்கினால் காற்றோட்டம் தடைப்பட்டு இழுப்பு திடீரென்று அறுந்துபோகிறது. கார் மேலே எழும்புகிறது, காற்று மீண்டும் ஓடத் தொடங்குகிறது, கார் மீண்டும் இழுபடுகிறது. நேர்ப்பாதையில் ஒரு விநாடிக்குள் இது பலமுறை நிகழும்போது, ஓட்டுநரின் தலைக்கவசம் ஆடுவதைத் தொலைக்காட்சியிலேயே காணலாம். 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டத்தை வென்ற மெர்சிடிஸ், நம் பெட்ரோனாஸின் பெயரைத் தாங்கிய அதே கார், 2022-இல் இந்தத் துள்ளலில்தான் சிக்கிக்கொண்டது. பணமும் கணினிகளும் திறமையான ஆள்களும் நிறைந்த அணி அது. ஆயினும் கார் தடத்தில் இறங்கும்வரை சிக்கலின் முழு அளவு தெரியவில்லை.

காரணம், கார் மாதிரியின் மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் இருக்கிறது. விதிப்படி அங்கே முழு அளவுக் காரை வைக்க முடியாது. 60 விழுக்காட்டு அளவுள்ள மாதிரியைத்தான் வைக்கலாம், காற்றின் வேகமும் விநாடிக்கு 50 மீட்டரைத் தாண்டக்கூடாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரைச் சுற்றிக் காற்று நடந்துகொள்ளும் விதத்தை இந்த அளவு மாதிரியில் அப்படியே பெற வேண்டுமானால், விநாடிக்குச் சுமார் 139 மீட்டர் வேகத்தில் காற்றைச் செலுத்த வேண்டியிருக்கும். எனவே சுரங்கம் தரும் எண்களுக்கும் தடத்தில் கிடைக்கும் எண்களுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. போதாக்குறைக்கு, சுரங்கத்தில் மாதிரியை ஒவ்வொரு நிலையாக நிறுத்தியோ மெல்ல அசைத்தோ அளக்கிறார்கள். தடத்தில் காரோ அதிர்ந்துகொண்டே ஓடுகிறது. சுரங்கத்தின் எந்த எண்ணை நம்பலாம், எதை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்ற தீர்ப்பு எந்தக் கோப்பிலும் முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை. புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி 1980-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை முடித்தபோது எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளே, அடியில் ஓடும் காற்று காரைச் சாலையை நோக்கி இழுக்கும் இந்தத் தரை விளைவுதான். அவர் பணியாற்றிய ரெட்புல்லின் 2022-ஆம் ஆண்டுக் கார் மற்றவற்றைவிடக் குறைவாகத் துள்ளியதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தை எடுத்துச் செல்ல ஆள் தேவையில்லை. ஒரு நல்ல கேமரா போதும். 2009-இல் பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் காரின் பின்புறத்தில், அடியில் ஓடிய காற்று விரிந்து வெளியேறும் பகுதியான டிஃப்பியூசரை இரட்டை அடுக்காக வைத்திருந்தன. கொட்டிய மழையால் இடையில் நிறுத்தப்பட்டு அரைப் புள்ளிகள் வழங்கப்பட்ட அந்த ஆண்டின் சிப்பாங் பந்தயத்தின்போது, அதன் மீதான முறையீடு இன்னும் நிலுவையில் இருந்தது. அதே மாதத்தில் அது செல்லும் என்று தீர்ப்பானதும், மற்ற அணிகள் அந்தப் பருவத்துக்குள்ளேயே தங்கள் கார்களின் பின்புறத்தை மாற்றிக்கொண்டன.

ஆவணத்தை எடுத்துச் செல்வது வேறு கதை. 2007-இல் ஃபெராரியின் 780 பக்கத் தொழில்நுட்ப ஆவணம் மெக்லாரன் பொறியாளர் ஒருவரிடம் இருந்தது வெளிப்பட்டபோது, மெக்லாரனுக்கு 10 கோடி அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; அந்த ஆண்டின் அணிப் புள்ளிகளும் பறிபோயின. ஆனால் தலைக்குள் இருப்பதற்குச் சுங்கச் சோதனை கிடையாது. 2022 ஏப்ரலில் பொறியாளர் டான் ஃபாலோஸ் ரெட்புல்லிலிருந்து வந்து ஆஸ்டன் மார்ட்டினில் சேர்ந்தார். மே மாதம் பார்சிலோனாவில் அந்த அணி இறக்கிய மாற்றங்கள் ரெட்புல் காரையே நினைவூட்டின. பந்தயத்தை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. விசாரித்து, விதிமீறல் இல்லை என்று முடித்தது. ஓரிரு மாதத்துக்குள் தரையையும் பக்கப் பகுதிகளையும் வடிவமைத்து, சோதித்து, கார்பன் இழையில் வார்த்து முடிப்பது இயலாத செயல் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பளிக்கவில்லை.

இதனால்தான் பொறியாளரை இழக்கும் அணிகள் ஆவணத்தைவிடக் காலத்தைக் காவலாக வைக்கின்றன. விலகும் பொறியாளர் பல மாதங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருக்க வேண்டும். தொழிலில் இதைக் கார்டனிங் லீவ் என்கிறார்கள். இந்தக் காரின் இந்தப் பாகம் எவ்வளவு கீழிழுப்பைத் தருகிறது என்பது போன்ற அறிவு, கார் வாரந்தோறும் மாறுவதால், அந்த மாதங்களில் செத்துப்போகிறது. பிரச்சினையை எந்தப் பக்கமிருந்து அணுகுவது என்ற அறிவு சாவதில்லை. விதிகள் அடியோடு மாறும் ஆண்டில் முதல் வகை அறிவு எல்லோரிடமும் ஒரே நாளில் காலாவதியாகிவிடுவதால், இரண்டாவது வகையின் விலை ஏறுகிறது. 1997 ஆகஸ்டில் நியூவி மெக்லாரனுக்கு வந்தபோது, கார்களை ஒடுக்கி டயர்களில் வரிப்பள்ளம் வைத்த 1998-ஆம் ஆண்டு விதிகள் காத்திருந்தன; அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில் இரண்டு மெக்லாரன்களும் மற்ற எல்லோரையும் ஒரு சுற்று பின்தள்ளின. 2026 விதிகளுக்கான காற்றியக்கச் சோதனையை 2025 ஜனவரி 1-க்கு முன் எந்த அணியும் தொடங்கக்கூடாது என்றிருந்த நிலையில், அவர் ஆஸ்டன் மார்ட்டினில் சேர்ந்த நாள் 2025 மார்ச் 3. வதந்தியில் பெயரைவிடத் தேதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

பண விதிகளும் இந்தப் பேச்சுக்கு எண்ணெய் வார்க்கின்றன. 2021-இல் வந்த செலவு வரம்பு, ஓட்டுநர்களைத் தவிர அதிகச் சம்பளம் பெறும் மூவரைக் கணக்கில் சேர்க்கவில்லை; ஆகவே பணக்கார அணி தாராளமாக அள்ளிக் கொடுக்கக்கூடிய இடமாக அந்த மூன்று நாற்காலிகள் நின்றன. காற்றுச் சுரங்கச் சோதனை நேரமும் தரவரிசைப்படி அளந்து தரப்பட்டது: முதலிடத்து அணிக்கு அடிப்படை அளவில் 70 விழுக்காடு, பத்தாம் இடத்துக்கு 115. குறைந்த நேரம் பெற்ற அணிக்கு, வீண் சோதனைகளைத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவைக்கத் தெரிந்த ஒருவரைவிடப் பெரிய சொத்து கிடையாது.

என்றாலும் ஆள் வந்ததையும் வெற்றி வந்ததையும் அவசரமாக முடிச்சுப் போடக்கூடாது. ரெட்புல்லின் பொறியாளர் ராப் மார்ஷல் 2024 ஜனவரியில் மெக்லாரனில் பணி தொடங்கினார். அதே ஆண்டு மெக்லாரன் 1998-க்குப் பிறகு முதன்முறையாக அணிப் பட்டத்தை வென்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காரின் பாய்ச்சல் 2023 நடுவில், ஆஸ்திரியாவில் வந்த மாற்றங்களோடு, அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

வந்து சேர்ந்த பொறியாளரின் முதல் மாதங்கள் புதிய இறக்கை வரைவதில் மட்டும் கழிவதில்லை. சோதனை ஓட்டங்களில் காரின் மீது ஒளிரும் பச்சை எண்ணெய்க் கலவையைப் பூசி, அது காற்றில் இழுபட்ட கோடுகளைக் கணினி வரைந்த கோடுகளோடு ஒப்பிடுவதும், சக்கரத்துக்குப் பின்னால் கம்பிவலை போன்ற அளவிச் சட்டத்தைக் கட்டி ஓட்டுவதும் அணியின் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்க்கத்தான். ஆஸ்டன் மார்ட்டினில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2025 மே மாதம் மொனாக்கோவில் நியூவி வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டது காரைப் பற்றி மட்டுமல்ல: அணியின் ஓட்டுநர் சிமுலேட்டர் உண்மைக் காரோடு ஒத்துப்போகவில்லை, அதைச் சரிசெய்ய நீண்ட காலம் பிடிக்கும் என்றார்.