சஸ்பெண்ட் ஆன பிறகு என்ன?

போலீஸ் விசாரணைக்குப் போனவர் பிணமாகத் திரும்பினால் நம் ஊரில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறவினர்கள் உடலை வாங்க மறுப்பார்கள். ஊர் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் மறியலில் உட்காருவார்கள். மாலைக்குள் இரண்டு காவலர்களை ஆயுதப்படைக்கு மாற்றுவார்கள், மறுநாள் சஸ்பெண்ட், அப்புறம் நிவாரணத் தொகை, வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை. கூட்டம் கலைந்துவிடும். குற்றவியல் வழக்கறிஞராக இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அதிகாரிகள் தயங்காமல் தருவதெல்லாம் ஆள் சம்பந்தப்பட்டவை. நடைமுறையை மாற்றச் சொல்லும் கோரிக்கை பெரும்பாலும் அந்த மேசைக்கே வருவதில்லை. கேட்டால்தானே மறுக்கவாவது செய்வார்கள்!

2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களின் கோரிக்கை தெளிவாக இருந்தது: சட்டத்தை மாற்று. சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, 23-ம் தேதி சட்டப்பேரவையில் மசோதாவும் நிறைவேறியது. அதே 23-ம் தேதி காலையில்தான் போலீஸ் தடியடி. ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் கிடைத்தது, அடி வாங்கியவர்களுக்கு நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் ஆணையம் கிடைத்தது. விசாரணை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடியில் 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். அதற்குள் மறியலில் உட்கார்ந்த மாணவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பிறந்திருக்கும்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? சாத்தான்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு ஒன்றைத் தெரிவித்தார். காவல் நிலையத்தில் கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. இதைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவில் கலெக்டர், எஸ்.பி.யோடு ஒரு மேயரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவர் மக்கள் பிரதிநிதி. ‘நம் மாவட்டத்தில் எத்தனை கேமரா ஓடுகிறது, குழு கடைசியாக எப்போது கூடியது?’ என்று அவரிடம் நேரில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். மறியலில் உட்கார்ந்தவர்களில் நாலு பேர் இதைச் செய்தால் போதும்.

கேமராவோடு முடிந்துவிடாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்தது சீருடை இல்லாத தனிப்படை, அதுவும் காவல் நிலையத்துக்கு வெளியே. ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோதான் வெளியே வந்தது. ஸ்டேஷனுக்குக் கேமரா வந்தால் அடி வேறு இடத்துக்குப் போகும். எந்த இடத்தில் அடித்தாலும், ரிமாண்டுக்கு, அதாவது நீதிமன்றக் காவலில் வைக்கக் கொண்டுவந்தால் இரண்டு வாசல்களைத் தாண்டியாக வேண்டும். ஒன்று அரசு மருத்துவமனை, இன்னொன்று மாஜிஸ்திரேட்.

அந்த வாசல்களில் என்ன நடக்கிறது? இரவு பதினோரு மணி, டியூட்டியில் ஒரே டாக்டர், வெளியே நோயாளிகள். இரண்டு பக்கமும் போலீஸ் நிற்க, சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் ‘வெளிக்காயம் இல்லை’ என்று சான்று எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து மாஜிஸ்திரேட் வீடு. “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அடித்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது எவன் ஆமாம் என்பான்? “இல்லீங்கய்யா.” சாட்சிக் கூண்டில் அவன் உண்மையைச் சொல்லும் நாளில் இந்தப் பதிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சாத்தான்குளம் தந்தையும் மகனும் மருத்துவச் சான்று, ரிமாண்ட் இரண்டையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள்.

டாக்டர் பரிசோதிக்கும்போதும் மாஜிஸ்திரேட் கேட்கும்போதும் போலீஸ் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு கேளுங்கள். ஒரு பைசா செலவில்லை. என் அனுபவத்தில் ஒரு சஸ்பெண்டைவிட இதற்குத்தான் போலீஸ் அதிகம் பயப்படும்.

பெரிய கோரிக்கை வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013-ம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் அந்த நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தது, உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். எஸ்.பி.யின் ஆட்கள் மீதான புகாரை எஸ்.பி.யே கேட்பார்! இந்தச் சட்டப் பிரிவைத் திருத்தச் சொல்லி ஒரு மறியல் பேனரையாவது நான் பார்த்ததில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்துக்காக ஸ்டேட்டஸ் வைத்த அதே கைகள்தான், ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு நிற்கும் ரவுடியின் படத்தையும் சிரிப்பு எமோஜியோடு பகிர்கின்றன. எல்லாக் கைதிக்கும் அதே பாத்ரூமில்தான் வழுக்குகிறது. அவனுக்குக் கட்டுப் போடலாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, நம் பிள்ளைக்குக் கூடாது என்றால் அதை எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது.

சரி, நாளைக்கே உங்கள் ஊரில் ஒன்று நடந்தால்? மறியல் ஒரு பக்கம் நடக்கட்டும். அன்றைக்கே இரண்டு பேர் உட்கார்ந்து, காவல் நிலையத்தின் பெயர், தேதி, நேரம் போட்டு, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பக்கத்துக் கடை, கோயில், பெட்ரோல் பங்க் கேமராக்களையும் மனுவில் சேருங்கள். அவற்றில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்துவிடும். காவலில் மரணம் என்றால் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ம் பிரிவுப்படி மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். கலெக்டரோ கோட்டாட்சியரோ விசாரிப்பார் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், விசாரிக்க வேண்டியவர் நீதித்துறை மாஜிஸ்திரேட். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.